எல்லாருக்கும் அறுபது கிலோ

சனிக்கிழமை காலை. வாலு ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் வைத்த செல்லப் பெயர், பதினொன்றாம் வகுப்பு வந்த பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பு நடந்தது. மருத்துவத் தகவலியல் என்று பெயர். நோயாளிகளின் வயது, எடை, மருந்து, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, சிகிச்சை எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. வாலுவுக்கு அதில் பைத்தியமே பிடித்திருந்தது.

அப்பா வாசலை மறித்து நின்றார்.

"டாக்டருக்குப் படின்னா, ஆஸ்பத்திரியில உக்காந்து டைப் அடிக்கக் கத்துக்கிறியா?"

"டைப் இல்லப்பா! போன வாரம் ஒண்ணு கண்டுபிடிச்சோம். அங்க படுத்திருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் சரியா அறுபது கிலோ. அது எப்படிப்பா? இன்னிக்கு அட்மிஷன் கவுண்டருக்கே போய்ப் பார்க்கப் போறோம்."

"யார் எத்தனை கிலோ இருந்தா உனக்கென்ன? தராசுக் கடை வைக்கப் போறியா? கோச்சிங்குக்குக் கிளம்பு."

"போயிட்டுத்தான் வரட்டுமே, குழந்தை" என்று அம்மா சமையலறையிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அவள் பேச்சு அந்த வீட்டில் என்றைக்கு எடுபட்டது?

துணிக்கடை வைத்திருக்கும் அப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஊரே அப்படித்தான் இருந்தது. டாக்டர் சீட் கிடைத்தால் பிள்ளை, இல்லாவிட்டால் தண்டம். மற்ற பெற்றோரும் பிள்ளைகளைக் கோச்சிங்குக்கு இழுத்துப் போனார்கள். வகுப்பு ஆளில்லாமல் நின்றது. சொல்லிக்கொடுத்த அக்காவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அறுபது கிலோ கேள்வியை அப்புறம் யாரும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் நினைவு தப்பியது. மாடி லிப்ட் வேலை செய்யவில்லை. அப்பாவே அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ரத்தத்தில் கிருமி என்றார்கள். தினமும் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது, கண்ணும் திறந்தாள். ஆனால் முகம் வீங்கத் தொடங்கியது.

"காதுக்குள்ள கொய்ங்குனு ஒரே சத்தம்டி. தலை சுத்துது. என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று அம்மா அழுதாள். கிட்னி வேலை செய்யவில்லை, கிருமியால் இருக்கலாம், எங்களால் ஆனதைச் செய்கிறோம் என்றார் டாக்டர். அப்பா வராந்தாச் சுவரில் சாய்ந்து, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைய ஊசியோடு நர்ஸ் வந்தாள். கட்டிலருகே இருந்த கம்ப்யூட்டர் திரையை வாலு அப்போதுதான் கவனித்தாள். எடை: அறுபது.

"சிஸ்டர், எங்கம்மாவை யாரு எடை பார்த்தது?"

"ஸ்ட்ரெச்சர்ல வர்றவங்கள எங்கம்மா நிக்க வைக்கிறது? கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. கவுண்டர்ல அறுபதுன்னு போட்டுடுவாங்க. அப்புறமா வார்டுல திருத்தணும்."

"திருத்தினீங்களா?"

நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தாள்.

"இந்த ஊசி எடைக்குத் தகுந்தபடிதானே போடணும்? போடாதீங்க! டாக்டரைக் கூப்பிடுங்க!"

சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார். "வாயை மூடுடி! அவங்க படிச்சவங்க. அம்மாவைச் சாகடிச்சிடாத!"

"நீங்கதானே தூக்கிட்டு இறங்கினீங்க? சொல்லுங்கப்பா, அம்மா அறுபது கிலோவா?"

அப்பா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். அத்தனை படியும் இறங்கியபோது கை வலிக்கவேயில்லை. அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

"இல்லம்மா... கைல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்தா. நாப்பதுகூட இருக்க மாட்டா."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். கட்டிலோடு எடை பார்க்கும் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முப்பத்தொன்பது. டாக்டர் அதை இரண்டு தரம் பார்த்தார். அத்தனை நாளும் மருந்து ஒன்றரை மடங்கு ஏறியிருந்தது. கிட்னியையும் காதையும் கெடுத்தது அதுதான்.

மருந்தை மாற்றினார்கள். கிட்னி மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. காது கேட்கும் சக்தி மட்டும் திரும்பவில்லை. இனி வராது என்று டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

பள்ளியில் நடந்த அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அப்பா எழுந்து நின்றார். பக்கத்தில் அம்மாவும் வாலுவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னிக்கு என் பொண்ணைப் போக விட்டிருந்தா, அந்த அறுபது அன்னிக்கே பிடிபட்டிருக்கும். நான்தான் வாசல்ல நின்னு மறிச்சேன். ஊசி போடறவங்க மட்டும் உயிரைக் காப்பாத்தலைங்க. அந்தக் கணக்கு நெசமான்னு தோண்டிப் பார்க்கிறவங்களும்தான் காப்பாத்தறாங்க. அதுவும் மருத்துவம்தான். உங்க பிள்ளைங்க கேள்வி கேட்டா அவங்க வாயை அடைக்காதீங்க. அந்த வகுப்பைத் திரும்பத் திறக்கச் சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்கிறேன்."

தன் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று தெரியாமல், அம்மா மகளின் கையைப் பிடித்துக் கேட்டாள்:

"உங்கப்பா என்னடி சொல்றார்?"