உபயதாரர்களின் படகு

வந்திருந்தவர்கள்: திருவண்ணாமலை இளைஞர் நீர் விளையாட்டுக் கழகத்தின் தலைவர், லாட்ஜ் உரிமையாளர் ராஜமாணிக்கம்; துணைத்தலைவர், முன்னாள் கவுன்சிலர் ஆதிலட்சுமி; பொருளாளர், தார்ப்பாய்க் கடை சாந்த் பாஷா; பயிற்சியாளர் ஷாஹீன். இவர்களில் நீச்சல் தெரிந்தவள் கடைசி ஆள் மட்டும். மற்ற மூவருக்கும் தண்ணீர் என்றால் லாரியில் வருவது.

ஓராண்டாக ஷாஹீன் படகு கேட்டுக் கடிதம் எழுதினாள். நாற்பத்தொரு கடிதங்கள். பெரும்பாலோர் பதிலே போடவில்லை. ஒருவர், மலை இருக்கிற ஊரில் படகு எதற்கு என்று மிகுந்த அறிவோடு கேட்டிருந்தார். இன்னொருவர் ஓட்டைப் படகைச் சும்மா தருவதாகவும், அடைக்கிற செலவில் புதிதே வாங்கலாம் என்றும் நேர்மையாக எழுதினார். கடைசியில் சென்னைக் கிளப் ஒன்று, தான் ஒதுக்கிவைத்த பழைய பாய்மரப் படகைத் தந்தது. ஒரு நிபந்தனை: மாத முடிவுக்குள் பிள்ளைகள் அதை ஓட்டும் வீடியோ வர வேண்டும். வந்தால் இன்னும் இரண்டு படகு. வராவிட்டால் இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. பன்னிரண்டு பிள்ளைகள் தயார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் தண்ணீரும் தயார். படகு கழக அறைக்குள் கிடந்தது, சாவி தலைவர் இடுப்பில் இருந்தது. தயாராகாதது உபயம் ஒன்றுதான்.

“பேரு போடாம எப்பிடிமா எறக்கறது?” என்றார் ராஜமாணிக்கம். “ஏத்திட்டு வந்தது நம்ம லாட்ஜ் வேனு. பாய்ல மேலாக்க, செவப்பு எழுத்துல போட்டுடலாம்.”

“வேன் குடுத்தா வேன்ல போட்டுக்கங்க,” என்றார் ஆதிலட்சுமி. “பூஜைக்கு மாலை, பூசணிக்கா எல்லாம் நான் குடுத்தது. நான் கீழ போவ மாட்டேன்.”

“கயிறு நானு,” என்றார் சாந்த் பாஷா. பத்து மீட்டர்.

படகையே கொடுத்த கிளப்பின் பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டியூப் லைட்டில் பெயர் எழுதி இருட்டைத் தானம் செய்து பழகியவர்கள்.

“சாச்சா, நீங்களாவது சொல்லுங்க. பாய்த்துணில பெயிண்ட் அடிச்சா என்னாவும்?” என்று ஷாஹீன் சாந்த் பாஷாவைக் கேட்டாள்.

“வெறச்சிக்கும்மா. மடிச்சா அப்பளமாட்டம் ஒடையும்.” தொழில் தெரிந்த மனிதர். ஆனால் அவருடைய மனசாட்சிக்கு மூச்சு கம்மி. “எம்பேரு சின்னதுதான். ஓரமா போட்டா ஒண்ணும் ஆவாது.”

பாய் போனால் படகு இல்லை. ஷாஹீன் சண்டைக்குப் போகவில்லை. பெயர் மீது ஆசை கொண்டவனோடு துணியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

“எழுதலாம் சார். ஆனா ஏரியில யாரு படிப்பாங்க? கொக்குதான் வரும். சாயங்காலம் எருமை வரும்.”

மூவரும் யோசிக்கும்போதே ஷாஹீன் தொடர்ந்தாள்.

“நம்ம ரூமு செங்கம் ரோட்ல இருக்குது. பௌர்ணமின்னா கிரிவலம் போற கும்பல் மொத்தமும் இந்தக் கதவு முன்னாடிதான் நடக்கும். வெள்ளக்காரங்ககூட நின்னு போட்டோ எடுப்பாங்க.”

மூன்று கழுத்தும் ஒன்றாகக் கதவுப் பக்கம் திரும்பின. அந்தக் கமிட்டியின் வரலாற்றில் முதல் ஒற்றுமை.

மறுநாள் பெயிண்டர் வந்தார். இரட்டை இரும்புக் கதவு. தலைவரின் பெயர் பெரியது என்பதால் ‘ராஜ’ ஒரு கதவிலும் ‘மாணிக்கம்’ மறு கதவிலும் அமர்ந்தன. கீழே துணைத்தலைவர். அதற்கும் கீழே கயிறு.

கடைசி நாள் காலையில் கதவை விரியத் திறந்து, பிள்ளைகள் படகைத் தூக்கிப்போய் வேனில் ஏற்றினார்கள். ராஜமாணிக்கம் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தவர், பதறிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

“எவ்ளோ நேரம்மா தெறந்து வெப்ப? பேரு ரெண்டா கெடக்குது பாரு. ராஜ அங்க நிக்குது, மாணிக்கம் இங்க நிக்குது.”

“சாயங்காலம் படகு வந்தா மறுபடி தெறக்கணுமே சார். தெனமும் ரெண்டு வாட்டி.”

அவர் முகம் வாடியது. “ஏரிகிட்டயே வெச்சிக்கயேன்.”

“கமிட்டி ஒத்துக்குமா?”

“கமிட்டி யாரு? நான்தான்.”

“இன்னும் ரெண்டு படகு வந்தா?”

“அதுவும் அங்கியே எறக்கு. இங்க எதுவும் வரக்கூடாது.”

சுருட்டிய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஷாஹீன் வெளியே வந்தாள். ராஜமாணிக்கம் காலி அறையின் கதவுகளை இழுத்துச் சாத்தினார். இரண்டடி பின்னால் போய், பெயர் ஒட்டிக்கொண்டதா என்று பார்த்தார். திருப்தியாகப் பூட்டைப் போட்டார்.