போதும் என்று சொல்லத் தெரியாத உடம்பு

குண்டூசிகள் தாமாகவே வந்து மார்பில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியபோது தையல்காரருக்கு நாற்பது வயது. முதலில் அதை அவர் வசதியாகத்தான் எடுத்துக்கொண்டார். சிந்திய ஊசிகளைக் குனிந்து பொறுக்க வேண்டியதில்லை, கடைக்குள் ஒரு நடை நடந்தால் போதும். பிறகு கத்தரிக்கோல் முதுகில் ஏறியது. இஸ்திரிப்பெட்டி அவரைக் கண்டால் மேஜை ஓரத்துக்கு நகர்ந்து வந்தது. சாக்கடையில் சாவியைத் தொலைத்தவர்கள் அவரைக் கையோடு கூட்டிப்போய்க் கரையில் நிற்கவைத்தார்கள். தெருவே சிரித்தது, அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெம்பில்லை. விரல் முட்டிகள் வலித்தன. வெயிலில் காலே வைக்காத மனுஷன் வெண்கலச் சிலை மாதிரி நிறம் மாறிக்கொண்டு வந்தார்.

அவருடைய அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டுக்காரரும் இதே நிறத்துக்கு வந்து, ஐம்பதைத் தொடாமலே கல்லீரல் கெட்டுச் செத்தவர். குடிதான் என்றது ஊர். ஒரு சொட்டு தொட்டதில்லை என்று அவர் சாகும்வரை சொன்னார். சட்டை முதுகில் கரண்டியும் சல்லடையும் தொங்க வந்து நிற்கிற ஆளை எவள் நம்புவாள்? அவளும் நம்பவில்லை.

மகனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். ஸ்டெதாஸ்கோப்பை அவர் மார்பிலிருந்து பிய்த்தெடுத்த டாக்டரம்மா, ரத்தத்தைச் சோதித்துவிட்டு அடுத்த வாரம் கூப்பிட்டார்.

"சாப்பாட்டுல இருக்கிற இரும்புல வேண்டியதை எடுத்துக்கிட்டு மத்ததை உடம்பு விட்டுடணும். இவர் உடம்புக்குப் போதும்னு சொல்லத் தெரியல. எல்லாத்தையும் சேர்த்து வைக்குது, மூட்டுல, கல்லீரல்ல. பரம்பரையா வர்றது. கோளாறான மரபணு அப்பாகிட்டேருந்து ஒண்ணு, உங்ககிட்டேருந்து ஒண்ணு."

"என்கிட்டேருந்துமா? எனக்கு ஒரு ஊசிகூட ஒட்டினதில்லையே!"

"ஒண்ணு மட்டும் இருந்தா பொதுவா ஒண்ணும் பண்ணாதும்மா. உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டும் இருந்திருக்கும்."

"அப்போ குடிக்காமலே கல்லீரல் கெடுமா?"

"இதுல கெடும்மா."

"டேய், உங்கப்பா குடிக்கலடா!" என்று மகனைப் பிடித்து உலுக்கினாள். அழுகையும் சிரிப்பும் முண்டியடித்துக்கொண்டு வந்தன. மருந்துச் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் சொன்னாள், பஸ் கண்டக்டரிடம் சொன்னாள். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தேயிராதவர்கள்கூட எழுந்து அவள் கையைப் பிடித்து, ரொம்ப சந்தோஷம் என்றார்கள். தெருமுனையில் இறங்கியவள் வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினாள்.

வைத்தியம் சுலபம்: வாரம் ஒரு பை ரத்தம் எடுத்துவிடுவது, அதோடு இரும்பும் போய்விடும். எடுக்க எடுக்க ஊசிகள் உதிர்ந்தன, விரல்கள் மடங்கின. கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றதும், "எனக்கென்னடா கேடு" என்றாள் அக்கா. பெண்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் ரத்தம் போய்விடுவதால் வயதான பிறகுதான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா விடவில்லை. அக்காவுக்கும் இருந்தது, கல்லீரல் கெடுவதற்கு முன்பே அகப்பட்டது.

இப்போது அக்கா மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக்கொள்ளப் போகிறாள். தேதி தவறிப் போகிற அன்று, தெருவிலுள்ள சைக்கிள்கள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு அவள் பின்னால் உருண்டு போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் அவரவர் வண்டியை எடுத்துவந்துவிடுகிறார்கள்.