கோபாலகிருஷ்ணன் சாருக்கு ஒரு பாடம்

ஆறாம் வகுப்பில் ஒருநாள் பொற்கொடி எழுந்து, "சார், எங்க வூட்ல கரண்ட் இல்ல, அதான் ஹோம்வொர்க் எழுதல" என்றாள்.

ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டிய வகுப்பு அது. ஆங்கில ஆசிரியர் கோபாலகிருஷ்ணன் நிதானமாக நிமிர்ந்தார். "என்ன சொன்ன? வூடா? இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள்.

"இன்னும் சத்தமா."

பீரியட் முடியும்வரை அவளைக் கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைத்து, அந்தச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். சுரங்க அதிகாரிகளின் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவரின் மகள் அவள். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து, சுரங்க டவுன்ஷிப்பிலிருந்த அந்தத் தனியார் பள்ளிக்கு வந்தவள். படிப்பு முடியும்வரை அவளுக்கு 'வூடு' என்றே பெயர். அதன்பிறகு அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஆங்கிலம் படித்தாள். ஆசைப்பட்டு அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு. எம்.ஏ., பி.எட். முடித்ததும் கடலூரில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு அதே பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். கோபாலகிருஷ்ணன் இப்போது ஆங்கிலத் துறையின் தலைவர். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அவள் வகுப்பில் பிள்ளைகள் எதையும் முதலில் தங்கள் மொழியில் சொல்லலாம். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதை ஆங்கிலமாக்குவார்கள். யார் தவறினாலும் சிரிக்கக் கூடாது. முதல் சிரிப்பிலேயே கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த மமதா பல வாரங்கள் ஊமைபோல உட்கார்ந்திருந்தவள். தன் ஊர் ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு நாள் ஒடியாவில் சொல்லத் தொடங்கினாள். இப்போது தட்டுத் தடுமாறி ஆங்கிலத்திலேயே கதை சொல்கிறாள்.

கோபாலகிருஷ்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "இது கிளாஸா, சந்தையா மிஸ்? அந்த ஒடியாப் பொண்ணு சரியான மண்டு. அவளுக்காக மத்த பிள்ளைங்கள கெடுக்காதீங்க" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். மமதா அப்போது நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். பொற்கொடி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்த நிமிஷமே நாளும் குறித்துவிட்டாள்.

பெற்றோர் வகுப்பைப் பார்க்க வரும் நாள். பிரின்சிபாலும் பின்வரிசையில் இருந்தார். "கோபாலகிருஷ்ணன் சார் இன்னைக்கு நம்ம ஸ்டூடன்ட். மமதாதான் டீச்சர்" என்றாள் பொற்கொடி. பெற்றோர் கைதட்டினார்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

'நான் வீட்டுக்குப் போகிறேன்' என்பதை மமதா ஒடியாவில் சொன்னாள். கோபாலகிருஷ்ணன் திருப்பிச் சொன்னார். வாயில் வேறு ஏதோ வந்தது. ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பிள்ளைகள் பொற்கொடியின் கையைப் பார்த்தார்கள். அவள் கையை உயர்த்தவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்."

சொன்னார். வகுப்பே சிரித்தது.

"இன்னும் சத்தமா சார்."

மமதாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மமதா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்காக ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து மெதுவாகச் சொன்னாள். பொற்கொடி அதைப் பார்த்தாள். பார்த்தும், "இன்னொரு தடவ சார்" என்றாள். அவர் நெற்றி வியர்த்துக் கண் சிவக்கும்வரை விடவில்லை.

மணி அடித்ததும் அவர் தாழ்வாரத்தில் அவளை மறித்தார். "வேணும்னே பண்ணீங்க இல்ல? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"நான் வடக்குத்து பொற்கொடிங்க. ஆறாவதுல, எங்க வூட்ல கரண்ட் இல்லன்னு சொன்னேன். பீரியட் பூரா நிக்க வச்சீங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அப்படி எத்தனையோ பேர நிக்க வச்சிருக்கேன். ஞாபகம் இல்லியேம்மா."

இத்தனை வருஷம் அவள் சுமந்தது அவரிடம் ஒரு தூசியாகக்கூட இல்லை.

"அது ஞாபகம் வர வேணாங்க. இன்னைக்கு நடந்தது மறக்காம இருந்தா போதும்."

அந்த வாரமே, பெற்றோர் கேட்டுக்கொண்டதால், மற்ற வகுப்புகளிலும் அவள் முறையைப் பின்பற்றச் சொன்னார் பிரின்சிபால். கோபாலகிருஷ்ணன் அவள் வகுப்புப் பக்கமே வரவில்லை. பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் அந்த ஒடியா வாக்கியத்தை அவரைப் போலவே சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதிலும் விழுந்தது. கண்டிக்கவில்லை.

ஒருநாள் மமதா அவள் மேசையருகே வந்து, ஆங்கிலத்தில், "மிஸ், சார் பாவம். இன்டர்வெல்லில் நான் போய் அவருக்குச் சொல்லித் தரட்டுமா?" என்று கேட்டாள். பிழையில்லாத வாக்கியம்.

"வேணாம்மா" என்றாள் பொற்கொடி. "போய் உக்காரு."