வளர்பிறையில் தொடங்கிய சண்டை

மே மாதம் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்கு, அச்சகத் தெரு பதினான்காம் எண் வீட்டில் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த நடை ஆறு அடி நீண்டது. முந்தின நாள் வரை அது பதினோரு அடி. அளவில் சந்தேகத்துக்கு இடமில்லை. அளந்தவர் வீட்டுக்காரர், இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசு நில அளவையாளர். நீண்டதற்குக் காரணமும் அவரே.

வளர்பிறையில் தொடங்கியது வளரும், தேய்பிறையில் தொடங்கியது தேயும் என்பது சோதிட விதி. மற்றவர்கள் அதைக் கல்யாணத்துக்கும் கடைதிறப்புக்கும் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். அளவையாளர் எதையும் அரைகுறையாக நம்புகிற ஆள் இல்லை. முடி சீக்கிரம் வளரக் கூடாதென்று தேய்பிறையில் முடிவெட்டிக்கொண்டார். வலி தேயட்டும் என்று, மனைவியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கத் தேய்பிறை வரும்வரை ஒன்பது நாள் காக்க வைத்தார். அந்த ஒன்பது நாளும் வலி முறைப்படி வளர்ந்தது. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பிறை சார். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். சுவரில் தொங்கும் அட்டையில் மேலிருந்து கீழாகச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, யாருக்கு எந்த வரியில் உலகம் மங்குகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஏப்ரல் கடைசியில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் பேச்சுவாக்கில், "இவரு ஊரு நிலத்தையெல்லாம் அளந்துடுவாரு. வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னா மட்டும் நிலா வரணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அளவையாளரும் சிரித்தார். வீடு திரும்பும் வழியிலேயே சண்டை போட்டிருந்தால் இந்த வரலாற்றுக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் அன்று தேய்பிறை. அன்று தொடங்கும் சண்டை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போய்விடும், சொன்ன சொல் நிற்காது என்று அவர் கோபத்தைப் பத்திரமாக வைத்திருந்து, வளர்பிறை மூன்றாம் நாள் காலை, நல்ல நேரம் பார்த்து எடுத்தார். "உங்க வீட்டு ஆளுங்களுக்கு நான் என்ன கோமாளியா? நீ பாக்கிறதும் ஒரு வேலையா? எழுத்தைக் காட்டி எழுத்தைக் கேக்கிற வேலை." மனைவி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். போய்ச் சேர வழக்கத்தைவிட மூன்று எட்டு அதிகம் தேவைப்பட்டது.

அதன்பின் வளர்பிறை நாள் ஒவ்வொன்றுக்கும் ஆறு அடி. தேய்பிறையில் நீளம் நின்றது, குறையவில்லை; வளர்பிறையில் பிறந்தது தேய்பிறையில் ஓய்வெடுக்குமே தவிரத் தேயாது என்று அவரே புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்துச் சோர்ந்து போனார். வெளியிலிருந்து அளந்தால் வீடு பழையபடி முப்பத்தெட்டு அடிதான். தபால்காரர் பக்கத்துச் சந்து வழியாக அரை நிமிடத்தில் பின்வாசலுக்குப் போய்விடுவார். அளவையாளர் போனால் மட்டும் சந்தும் உள்ளே இருந்த அளவுக்கு நீண்டது. மனைவி வந்தாலும் அப்படியே. முதல் சில மாதங்கள் மனைவி நடையின் பாதியில் ஒரு முக்காலி போட்டுத் தேநீரை வைத்துவிட்டுப் போனார். அவர் வந்து எடுப்பதற்குள் ஆறிவிடும். ஆறிய தேநீரை அவர் குற்றம் சொல்லாமல் குடித்தார். அதை ஒரு பெரிய விட்டுக்கொடுத்தலாகவும் நினைத்துக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்க அவர் முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மன்னிப்பு வளர வேண்டும், அதனால் வளர்பிறையில்தான் தொடங்க வேண்டும். அதிலும் ஆகாத நட்சத்திரம், ஆகாத நேரம், தன் ராசிக்கு ஒத்துவராத நாழிகை எல்லாவற்றையும் கழித்தால் மாதத்துக்குப் பதினொரு நிமிடம் சுத்தமாகத் தேறியது. இரண்டாம் ஆண்டின் நடுவில் நடை கால் மைல் கடந்தது. அவருக்கு முழங்கால் வலி. பாதித் தூரம் போவதற்குள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். "என்ன பிறை சார், இந்த மாசமும் நேரம் தப்பிடுச்சா?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். "முக்காலி வரைக்கும் போயிட்டேன்" என்பார், பாதி மலை ஏறியவர்போல.

பார்ப்பதற்கு மட்டும் வழி இருந்தது. தன் அளவைக் கருவியை முன்னறையில் மூன்றுகால் தாங்கியில் நிறுத்தி, அதன் தொலைநோக்கியைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். பழைய காலத்துக் கருவி. காட்டுவதையெல்லாம் தலைகீழாகக் காட்டும். தொழிலில் அது பழக்கம்தான், வரப்பும் எல்லைக்கல்லும் எப்படித் தெரிந்தாலும் கோபித்துக்கொள்ளாது. மனைவியின் முகத்துக்கு அந்தப் பழக்கம் போதவில்லை. தலைகீழாகத் தெரியும் உதடு சிரிப்பதற்கு வளைந்திருக்கிறதா முறைப்பதற்கு வளைந்திருக்கிறதா என்று தீர்மானிக்க முடியாமல், பாதுகாப்பாக முறைப்பு என்றே இரண்டு ஆண்டுகள் தன் அளவுக் குறிப்புப் புத்தகத்தில் குறித்துவந்தார். மனைவியிடம் தம்பி கொடுத்த பைனாகுலர் இருந்தது. அதில் எல்லாம் நேராகத் தெரியும்.

மூன்றாம் ஆண்டு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை மைத்துனர் வந்தார். கண்ணாடிக் கடை வேறு ஊரில் கிளை திறக்கிறது, பார்த்துக்கொள்ள அக்காவைக் கேட்கிறார்கள். "நாளைக்குப் பத்து மணி பஸ், மாமா. அக்கா சரின்னு சொல்லிட்டா."

அளவையாளர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "திங்கக்கிழமை வளர்பிறை தொடங்குது. அதுவரைக்கும் இருக்கச் சொல்லேன்."

"பஸ்சுக்குப் பிறை தெரியாது, மாமா" என்றார் மைத்துனர். செருப்பை மாட்டிக்கொண்டு, "அக்காவுக்கும் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அளவையாளர் ஒரு வரைபடத் தாளின் வெள்ளைப் பக்கத்தில், கண்ணாடிக் கடை அட்டையைப் போல, மேலிருந்து கீழாக எழுதினார். முதல் வரியில் சாண் உயரத்துக்கு 'நான்'. அடுத்து 'சொன்னது'. அதற்குக் கீழே 'தப்பு'. அதற்கும் கீழே 'உன் வேலை பெரிய வேலை'. ஊரையே அளந்தவர் தாளை அளக்காமல் தொடங்கியதால் இடம் தீர்ந்து, கடைசி வரி எறும்பு அளவுக்குப் போய்விட்டது. தாளை மார்பளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கருவியில் கண்ணை வைத்தார்.

தூரத்தில் மனைவி பெட்டியைக் கீழே வைத்தார், பைனாகுலரை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு பழைய அட்டையின் பின்புறத்தில் எதையோ எழுதித் தூக்கிப் பிடித்தார். அளவையாளர் வழக்கம்போல் மனதுக்குள் புரட்டிப் படிக்கத் தயாரானார். தேவைப்படவில்லை. தலைகீழாக நின்ற மனைவியின் கையில் எழுத்துகள் நேராக நின்றன. அவர் கருவி எப்படிக் காட்டும் என்பது தெரிந்து, மனைவி அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

'கடைசி வரி தெரியல. கிட்ட வந்து நீங்களே படிங்க.'

அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கருவியின் மேல் வைத்துவிட்டு நடந்தார். இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினோரு அடி. முழங்காலுக்காக இரண்டு இடத்தில் நின்றார், முக்காலியில் ஒருமுறை உட்கார்ந்தார். திரும்பவில்லை. சமையலறை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு, தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்: "நாள் பாக்கல."

"இன்னிக்குத் தேய்பிறை பதிமூணு" என்றார் மனைவி. "இன்னிக்கு ஆரம்பிச்சா தேஞ்சு போயிடுமே."

"தேஞ்சா மறுபடி சொல்றேன்."

மனைவி அவர் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். "உங்களுக்குக் கிட்டப் பார்வை போயிருக்கு. ரொம்ப நாளாவே" என்றார்.

பத்து மணி பஸ் ஒரு இருக்கை காலியாகப் புறப்பட்டது. கிளைக்கு வேறு ஆளை அனுப்பினார்கள். விதிப்படி அந்த மன்னிப்பு மாதந்தோறும் தேய்கிறது. மாதந்தோறும் அவர் மறுபடி சொல்கிறார். நடை அதன்பின் நீளவுமில்லை, குறையவுமில்லை. அடுப்பை முன்னறைக்கு மாற்றிவிட்டார்கள். நடையில் இப்போது துணி காயப்போடுகிறார்கள், மழைக்காலத்தில் தெருவில் உள்ளவர்களும் கொண்டுவந்து போடுகிறார்கள். வெளியே அளந்தால் வீட்டின் நீளம் முப்பத்தெட்டு அடி.