விண்வெளி வீரரின் தொப்பை

1

இந்தக் கதை ஒரு தொப்பையிலிருந்து பிறந்தது. என் தொப்பை அல்ல. எங்கள் ஊர் விண்வெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் வீரருடையது.

வாரப் பத்திரிகை ஆசிரியர் விண்வெளிக் கதை ஒன்று கேட்டார். விண்வெளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மேலே இருக்கிறது என்பதுதான். ஆகவே மனைவியை அழைத்துக்கொண்டு அருங்காட்சியகம் போனேன். இரண்டு அறைகள், கூரையில் தொங்கும் கோள்கள், நடுவில் வெள்ளை உடை மாட்டிய ஜவுளிக்கடைப் பொம்மை. பஞ்சு வைத்துத் தைத்த அந்த உடை, வயிற்றருகே மட்டும் ஒரு குடும்பஸ்தரைப் போல முன்னே வந்து நின்றது.

"இவர் எப்படி ராக்கெட்டுக்குள்ள நுழைஞ்சார்?" என்றாள் மனைவி.

பொறுப்பாளர் நெளிந்தார். "உள்ளூர்லயே தைக்கக் குடுத்தோம்மா. அளவு குடுக்க மறந்துட்டோம். நாளைக்கு மேலதிகாரி வர்றார். தைச்சவங்க இப்ப வந்து வயித்தைப் பிடிச்சுக் குடுத்துருவாங்க."

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

'முடிவில்லாத இருளில், பூமியைத் திரும்பிப் பார்த்த அந்த வீரனின் கண்களில் –'

(அடித்துவிட்டேன். பொம்மைக்குக் கண்ணே வரையவில்லை.)

'கி.பி. 2190. செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தையல்கடை –'

(இதை மனைவி அடித்தாள். "அங்கயும் சொன்ன தேதிக்கு ஜாக்கெட் வராது" என்பது அவள் விமர்சனம்.)

வேறு வழியில்லை, நடந்ததையே சொல்கிறேன்.

3

தையல்காரம்மா வந்தார். பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கழுத்தில் கிடந்த டேப்பை எடுக்கவில்லை.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரே ஆளுக்குச் சட்டை தைச்ச கை. அளவு இல்லைன்னதும் அதுவா வெட்டிருச்சு."

"யாருக்கு?" என்றாள் மனைவி.

"வீட்டுக்காரருக்குத்தான். இப்ப அவங்க அக்கா வீட்டுல இருக்கார்."

விருந்தாளிகள் முன்னால், இவளுக்குத் தலையணை உறைதான் தைக்க வரும் என்று அவர் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்படியென்றால் தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள் என்று இவர் சொல்ல, அவர் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். (தலையணையைத் தூக்கியது என் கற்பனை. ரோஷம் உண்மை.)

"தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, வீடு வீடாயிரும். அந்த மனுஷனுக்கு அது வாயில வராது."

4

இந்த இடத்தில் கணவரைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். வேண்டாம், வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று முடிவுசெய்தேன். அதற்குள் அவரே வந்துவிட்டார். அவர் பேக்கரிக்காரர். காலையில் ரொட்டி வாங்கப்போன பொறுப்பாளர், "அண்ணே, எங்க வீரர் அப்படியே உங்க உடம்பு" என்று உளறியிருக்கிறார்.

மாவு படிந்த சட்டையோடு பொம்மை முன் நின்றார். அதன் வயிற்றைப் பார்த்தார். தன்னுடையதையும் பார்த்துக்கொண்டார்.

"என்னை மேல அனுப்புறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"போறவங்க எங்க போனாலும் நல்ல துணி போட்டுட்டுப் போகட்டும்."

"நான் இப்ப கொஞ்சம் இளைச்சிருக்கேன்."

"அக்கா சமையலா?"

தையல்காரம்மா வயிற்றுத் தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலோடு குனிந்தார்.

"பிரிக்காத."

"மேலதிகாரி வர்றாராம்."

"அதுக்கில்ல. அன்னிக்கு நான்..." என்று இழுத்தார்.

நான் பேனாவை எடுத்தேன். தையல்காரம்மா திரும்பிப் பார்த்தார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

மனைவி என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவையும் சாத்தினாள். தன் கதையிலிருந்தே வெளியேற்றப்பட்ட எழுத்தாளன் அநேகமாக நான் ஒருவன்தான்.

5

அடுத்த வாரம் போனோம். வீரருக்குத் தொப்பை இல்லை.

முடிவு ஒன்று (என்னுடையது): அவர் வாயில் அந்த வார்த்தை வரவில்லை. அந்த அம்மா வெட்டித் தள்ளிவிட்டார்.

முடிவு இரண்டு (மனைவியுடையது): "ஆளே வீட்டுக்கு வந்தாச்சு. அப்புறம் பொம்மைக்கு எதுக்குத் தொப்பை?"

பேக்கரியில் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்தவர் வீட்டு விஷயம் என்று மனைவி விடமாட்டேன் என்கிறாள். நீங்கள் போங்கள். ரொட்டி வாங்குகிற சாக்கில் அவர் சட்டையைப் பாருங்கள். புதுசாக இருந்தால் அந்த அம்மா தைத்ததுதான்; இளைத்த வயிற்றில் தொளதொளக்கிறதா, வீட்டுச் சாப்பாட்டில் சரியாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.