ஐந்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையதல்ல. ஆனால் அதைச் சரிபார்க்காமல் விடையட்டையில் எழுதியவன் நான்தான். 2007-இல் ஹைதராபாத் ஐடி நிறுவனங்களுக்கு வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்தி வெயிலில் செகந்திராபாத் மணிக்கூண்டு பொன்னாக...

(வேண்டாம். அன்று உச்சி வெயில். கிதியோனின் வழுக்கை கொதித்தது.)

2

கிதியோன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். வீட்டில் வாயைத் திறந்தால் மனைவி கனகமணி மிக்ஸியைப் போட்டுவிடுவார். அதனால் சனிக்கிழமைகளில் ஊருக்குப் புதிதாக வந்த ஐடி பிள்ளைகளைக் கூட்டிப்போய் நகரத்தின் மறைந்த வரலாற்றைச் சொல்லிவந்தார். தன் பேச்சைக் கேட்க ஆள் கிடைத்ததில் அவருக்குப் பத்து வயது குறைந்திருந்தது.

"1897ல திறந்தாங்க" என்றார், மணிக்கூண்டைக் காட்டி. இது உண்மை. ஒருவன் கொட்டாவி விட்டான்.

"அவ்வளவுதானா, அங்கிள்?" என்றாள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான நஸ்ரின்.

கிதியோனுக்குச் சுருக்கென்றது. "வடக்குப் பக்கத்துக் கடிகாரத்தை வேணும்னே அஞ்சு நிமிஷம் முந்தி ஓடவிட்டிருந்தாங்க. போலாரம் ராணுவ முகாமுக்குத் திரும்புற சிப்பாய்ங்க பராக்குப் பார்த்துட்டு லேட்டாப் போகக் கூடாதுன்னு."

பன்னிரண்டு செல்போன்கள் உயர்ந்தன.

(அடிக்குறிப்பு: முழுப் புளுகு. ஐந்து நிமிடம் முந்தி ஓடுவது கிதியோன் வீட்டுக் கடிகாரம். அவரை நேரத்தோடு சர்ச்சுக்குக் கிளப்பக் கனகமணி திருகி வைத்தது.)

"எதுக்கு இந்தப் பொய்?" என்றார் கனகமணி, அன்றிரவு வீட்டில்.

"சிப்பாய்க்குப் பதிலா என் பேரைச் சொல்லவா?"

3

நஸ்ரின் அதை வலைப்பூவில் எழுதினாள். அதைப் படித்து நான் கேள்வியாக்கினேன்.

இறுதிச் சுற்று. மேடையில் ஒரு நிறுவனத்தின் சார்பில் கிதியோனின் மகள் எமி. கடைசிக் கேள்விக்குச் சரியாகச் சொன்னால் கோப்பை அவளுக்கு. முன்வரிசையில் கிதியோனும் அவருடைய சனிக்கிழமைப் பிள்ளைகளும்.

"செகந்திராபாத்தில் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் முந்தி ஓடவிடப்பட்ட கடிகாரம் எது?"

கிதியோன் நாற்காலி நுனிக்கு வந்தார். எமி அவருடைய பொய்யைச் சொன்னால் கோப்பை. உண்மையைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை யார் வருவார்கள்? 'பாஸ்' சொல்லிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினார். வெட்கமாகவும் இருந்தது.

4

முடிவு அ: எமி "மணிக்கூண்டு" என்கிறாள். கைதட்டல். (வீட்டில் கனகமணி இருக்கிறார். எனக்குத் துணிச்சல் இல்லை.)

முடிவு ஆ: கிதியோன் கண்ணீர் மல்க மேடையேறி... (மூட்டுவலிக்காரர். மேடைக்கு ஏழு படி.)

நடந்தது இதுதான். எமி அப்பாவைப் பார்த்தாள்.

"இதே செகந்திராபாத்துல, எங்க வீட்டு ஹால்ல, ஃப்ரிட்ஜுக்கு மேல இருக்கிற கடிகாரம் சார். மம்மி வச்சது. டாடி லேட்டாகக் கூடாதுன்னு."

அரங்கம் சிரித்தது. நஸ்ரின் மட்டும் திரும்பினாள். "அப்போ அந்தச் சிப்பாய், அங்கிள்?"

கிதியோன் தலையைத் தடவிக்கொண்டார். "நான்தாம்மா."

5

அட்டையில் 'மணிக்கூண்டு, வடக்கு முகம்' என்றிருக்கிறது. அட்டைப்படி எமி சொன்னது தவறு. கேள்விப்படி சரி. எனக்குத் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை இல்லை. இந்தாருங்கள், அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கிதியோன் இன்னும் அந்தச் சனிக்கிழமை நடையை விடவில்லை. வருகிற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மணிக்கூண்டின் கீழே கிதியோன் நிற்பார். வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர், ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் போவீர்களா?