வத்தல்மலை அணியின் நீலப் பட்டன்

பலகையின் ஒரு முனையைச் சென்னப்பனும் மறு முனையைக் கவுஸ் பாஷாவும் பிடித்துத் தூக்கினார்கள். பட்டன் ஹாக்கி ஆடுவதற்கென்று பச்சைப் பெயின்ட் அடித்த பலகை அது. இரண்டு கோடியிலும் கோலுக்கு ஒவ்வொரு தீப்பெட்டிக் கூடு ஒட்டியிருந்தது. நடுவில் பட்டன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. அதில் ஒன்றுகூட இடம் மாறிவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

சுல்தானா காடாத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். வெட்டு மேசை காலியானால்தான் உடலுக்குச் சுற்றும் கபன் துணியை விரிக்க முடியும். பள்ளிவாசல் மோதினார் வாசலில் நின்று இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டார். அவள் தகப்பனார் அப்துல் ரஷீத் விடியற்காலைத் தொழுகை நேரத்தில், மனைவி ஜுபைதா தண்ணீர் கொண்டுவருவதற்குள், போய்ச் சேர்ந்திருந்தார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பேசி முடித்தாகிவிட்டது.

பலகை தையல் மெஷின்மேல் உட்கார்ந்ததும் சென்னப்பன் குனிந்து பார்த்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாயோட அடி பாக்கி இருக்குதும்மா," என்றார் சுல்தானாவிடம். "கலைஞ்சு போச்சுன்னா யாரு எங்க நின்னாங்கன்னே தெரியாது."

அவளுக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

தர்மபுரி கடைவீதிச் சந்தில் முன்னறை தையல் கடை, பின்னால் வீடு. ரஷீத் பாய் தைத்தால் சட்டை அளவெடுத்த மாதிரி இருக்கும், ஆனால் எப்போது தைப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஹாக்கி மேட்ச் என்றாலும் கத்திரியை வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். கடத்தூரோ அரூரோ, மைதானத்து ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எந்தப் பையன் பந்தைப் பார்த்து ஓடுகிறான், எவன் ஆளைப் பார்த்து ஓடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் கொடுத்த மாப்பிள்ளைகள் இங்கே கடைவாசலில் நின்று சாபம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

திரும்பி வந்ததும் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பட்டன். தடுப்பு ஆட்டக்காரனுக்குத் தடித்த கோட்டு பட்டன், வேகமாக ஓடுகிறவனுக்கு மெல்லிசான சட்டைப் பட்டன். ஆகஸ்டு மாதத்துப் போட்டிகள் முடிந்ததும் எல்லாப் பட்டன்களையும் ஒரே நூலில் கோத்து கடைச் சுவர் ஆணியில் தொங்கவிடுவார். ஆணிக்குப் பக்கத்தில் இருப்பவன் முதல் தரம். கீழே போகப் போகத் தரம் இறங்கும். ஊர்ப் பையன்கள் வந்து என் பட்டன் எது, என் பட்டன் எது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மேலே இருப்பவன் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுப்பு. சைக்கிள் கடை சென்னப்பன் தொப்பூர் அணிக்கு முதலாளி, பேக்கரி கவுஸ் பாஷா கடத்தூர் அணிக்கு, லாரி புக்கிங் ஆபீஸ் மாயவன் அரூருக்கு. ரஷீத்துடையது வத்தல்மலை. நாலு ஹாக்கி ஸ்டிக் சேர்ந்தாற்போல் இல்லாத மலைக்கு எதற்கு அணி என்று கேட்டால், ஏறி இறங்குகிற காலுக்கு மைதானம் ஒரு பொருட்டா என்பார். நாலு பேரும் சுற்று முறையில் ஆளுக்கொரு பட்டனாக நூலிலிருந்து உருவிக்கொள்வார்கள். அதற்கப்புறம் வருஷம் முழுக்க லீக் மேட்ச். பந்து ஒரு ஜவ்வரிசி. ஒரு பட்டனின் விளிம்பை இன்னொரு பட்டனால் அழுத்திச் சுண்டினால் அது தாவிப் போய் ஜவ்வரிசியைத் தட்டும். ஒரேயொரு சட்டம் மட்டும் கறாரானது: நூலைக் கோத்தவர் ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். தனக்கு வேண்டியபடி தரம் பிரித்துவிடக் கூடாது அல்லவா.

அந்த நூல்தான் அவள் தம்பியை இந்த வீட்டிலிருந்து பிரித்தது.

நசீருதீன் ஹைஸ்கூல் அணியில் இடது ஓரத்து ஆட்டக்காரன். ஊரே சொல்லும், பந்து அவனிடம் போனால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க வேண்டும் என்று. சேலத்து முகாமுக்கு அவன் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார் பி.டி. மாஸ்டர். அந்த வருஷம் நூல் தொங்கியபோது அவன் மேலிருந்து எண்ணிக்கொண்டே வந்தான். எண்ணிக்கொண்டே இருந்தான். அவனுடைய நீலப் பட்டன் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத ஒரு பாலக்கோட்டுப் பையன்கூட அவனுக்கு மேலே இருந்தான். பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். நசீர் எடுப்பு நாளன்று வீட்டிலேயே இல்லை. சேலத்துக்கும் போகவில்லை, ஸ்டிக்கை பரண்மேல் போட்டான், பரீட்சை முடிந்ததும் ஓசூருக்கு ஒரு லேத்துப் பட்டறைக்குப் போய்விட்டான். பெருநாளுக்கு வருவான். அத்தா கேட்டால் ஆமா, இல்ல என்பதோடு சரி.

அவன் ஊரைவிட்டுப் போன அந்த வாரம், சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மகளிடம் ரஷீத், தலையைத் தூக்காமல் சொன்னார்:

"மேல வெச்சிருந்தா போயிருப்பான்."

"கீழ வெச்சீங்களே, இப்ப மட்டும் இங்கயா இருக்கான்?" என்று சுல்தானா வெடுக்கென்று கேட்டாள். அவர் சொன்னது அவளுக்கு அன்றைக்குப் புரியவும் இல்லை.

இப்போது துணியை மேசையில் விரித்துக்கொண்டே அவள் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். மண்டிக்காரர் வீட்டிலிருந்து ஓசூருக்கு டிரங்க் கால் போட்டுச் சொல்லியாயிற்று. பட்டறைக்காரர் சொல்கிறேன் என்றார். நசீர் வருவானா? வந்தாலும் அத்தாவைத் தொட்டுக் குளிப்பாட்டுவானா, இல்லை யாரோ மாதிரி ஓரமாக நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பானா? இன்றைக்குத் தொடாவிட்டால் அப்புறம் தொட முடியாது. உள்ளறையில் அம்மாவும் அழுகைக்கு நடுவே அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மோதினார் துணியை அளந்து கிழித்தார். ஓரம் நூல் நூலாகப் பிரிந்தது. சுல்தானாவின் கை தன்னையறியாமல் மடித்து அடிக்கப் போயிற்று. கபனுக்குத் தையல் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்த மனுஷன் இப்படிப் பிசிறோடு போகிறாரே என்று அந்த ஓரத்தைத் தடவிக்கொடுத்தாள்.

நசீர் மத்தியானம் வந்தான். பட்டறையில் போட்டிருந்த அதே சட்டை, முழங்கையில் கிரீஸ் கறை. சென்னப்பன் கையைப் பிடிக்கப் போனார். அவன் பிடிக்கக் கொடுத்தான், அவ்வளவுதான். மெஷின்மேல் இருந்த பலகையைப் பார்த்தான். முகம் இறுகியது. நேரே உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

குளிப்பாட்ட ஆள் கூப்பிட்டபோது சுல்தானா திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். மோதினாரின் குரல், "மொதல்ல வலது பக்கம், தம்பி," என்றது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாதி கவலை விட்டது.

உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது நசீர் முன் பக்கம் தோள் கொடுத்தான். குனிந்து நிமிர்ந்த வேகத்தில் சட்டையின் நடுப்பட்டன் தெறித்துச் சாக்கடைப் பக்கம் போயிற்று. அதை யாரும் தேடவில்லை. பின்னால் சென்னப்பனும் பாஷாவும் தோள் கொடுத்தார்கள். காலையில் பலகையைத் தூக்கியது போலவே, சாய்ந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து நடந்தார்கள். சந்து முனை திரும்பும்வரை பெண்கள் வாசலில் நின்றார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாயவன் லோடு வருகிறது என்று ஆபீஸுக்கு ஓடிவிட்டார். சென்னப்பனும் பாஷாவும் கடையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுல்தானா டீ கொண்டுவந்து வைத்தாள். நசீர் நின்றுகொண்டே குடித்தான். ஆறு மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றான். அம்மாவை இப்படி விட்டுவிட்டா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் பலகைப் பக்கம் தாடையை ஆட்டினான்.

"நான் எங்க இதுல? தூக்கி எறிஞ்சுட்டாரா?"

கிண்டலாகச் சொல்ல நினைத்தான் போலிருக்கிறது. குரல் கிண்டலாக வரவில்லை.

சென்னப்பன் டம்ளரை வைத்தார். எழுந்து போய் விரலால் காட்டினார். வத்தல்மலை அணியின் இடது ஓரத்தில் நீலப் பட்டன் நின்றது. அதற்கு அரை விரல் முன்னால் ஜவ்வரிசி.

"இது அத்தாவோட டீம்," என்றான் நசீர்.

"ஆமா."

"யாரும் எடுக்காம மிஞ்சுனதா?"

பாஷா சென்னப்பனைப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று கேட்கிற பார்வை. சென்னப்பன் தலையைச் சொறிந்தார்.

"கோத்தவரு கடைசியாத்தான் எடுக்கணும். அதாண்டா சட்டம். உன்னைய மேல கோத்திருந்தா மொத எடுப்புலயே நான் தூக்கியிருப்பேன். நான் வுட்டா பாஷா. பாய் கைக்கு நீ எப்படிடா வருவே? அதான், யாரும் சீண்டமாட்டாங்கன்னு கீழ கொண்டுபோய்க் கோத்துட்டாரு."

நசீர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சாரு," என்று பாஷா சேர்த்துக்கொண்டார். "பென்னாகரம் மேட்ச்சுல நீ போட்ட கோலை நாங்களுந்தான பாத்தோம். சுத்துக்குச் சுத்து உன்னையத் தாண்டித் தாண்டி எடுத்தோம். மாயவன் கைகூட நீல பட்டன்கிட்டப் போச்சு, நான் கால மிதிச்சேன். பாய் ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னைய எடுத்து சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் உன்னைய நூல்லயே கோக்கல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, மாமா?"

"எப்படிச் சொல்லுவாரு? சொன்னா தில்லுமுல்லு பண்ணேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாது? இத்தன வருசமா ஒருக்காகூட மாத்திக் கோத்தவரு இல்ல." சென்னப்பன் குரல் தழைந்தது. "நாங்களும் சொல்லல. உனக்குத் தெரியும்னே நெனச்சிட்டோம். அவரு டீம்ல ஆடறயே, அதுக்கு மேல என்னடா தரம்னு."

மேலே வைத்திருந்தால் போயிருப்பான். சுல்தானாவுக்கு அது இப்போதுதான் விளங்கியது. வேறொருவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று ஒளித்து வைத்தார், ஒளித்து வைத்ததாலேயே பையன் போனான். அத்தாவின்மேல் அவளுக்கு அப்படியொரு கோபம் வந்தது, கூடவே அழுகையும். இத்தனை பையன்களை ஓரத்திலிருந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கு, வீட்டுக்குள் இருந்தவன் எண்ணிக்கொண்டு நின்றது தெரியாமல் போயிற்றே.

நசீர் குனிந்து பலகையைப் பார்த்தான். மற்றப் பட்டன்களெல்லாம் மங்கிக் கிடந்தன. நீலப் பட்டனின் ஒரு விளிம்பு மட்டும் சுண்டிச் சுண்டித் தேய்ந்து பளபளவென்று இருந்தது. சென்னப்பன் அதைப் பற்றிச் சொல்ல வந்தார், பாஷா அவர் முழங்கையைத் தொட்டார். இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு, நாளைக்கு வருகிறோம் என்று சுல்தானாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரும் சொல்லவில்லை.

அவன் சட்டை நடுவில் திறந்து கிடந்தது. இழவு வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், இப்படியா நிற்பது என்று சுல்தானா ஊசி நூலை எடுத்தாள். அத்தா படுக்கையில் விழுந்த பிறகு கடைக்குப் புதுச் சரக்கு வாங்கவில்லை. அட்டையில் ஜாக்கெட் ஹூக்குதான் மிச்சமிருந்தது. அத்தாவின் பட்டன் டப்பாவைத் திறந்து கிளறினாள். இது பாப்பாரப்பட்டி கோல் கீப்பர், இது அரூர் அண்ணன் தம்பிகளில் சின்னவன், இது போன வருஷம் கால் ஒடிந்து உட்கார்ந்துவிட்ட பையன். இந்த வீட்டில் சும்மா இருக்கிற பட்டன் ஒன்றுகூட இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் அவள் பலகைப் பக்கம் திரும்பினாள். அவனுடையதுதானே, அவனிடமே இருக்கட்டும் என்று நீலப் பட்டனுக்குக் கையை நீட்டினாள்.

"எடுக்காதக்கா," என்றான் நசீர். "அது ஆட்டத்துல இருக்குது."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் சட்டையைச் சேர்த்துக் குத்திக்கொண்டு, அத்தாவின் ஸ்டூலை மெஷின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஜவ்வரிசியை எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.